பூவிலேயே பேசும் குத்தகை

வத்தலக்குண்டைத் தாண்டி, கொடைக்கானலுக்குப் பிரியும் காட்ரோட்டையும் விட்டு நேராக வந்தால் தேவதானப்பட்டியிலிருந்தே மாந்தோப்புகள் ஆரம்பித்துவிடும். வலது கைப் பக்கம் பழனி மலைத்தொடர் பஸ்ஸோடு கூடவே வரும். ஜூன் மாதம் என்றால் சாலையோரத்தில் சாக்கு விரித்துக் காசா லட்டும் செந்தூரமும் குவித்திருப்பார்கள். கல்லாமை கேட்டால், அது கூழ் கம்பெனிக்குப் போகிற காய் என்று சொல்லி வேறு எதையாவது தராசில் வைப்பார்கள்.

அக்கா வீடு பெரியகுளம் வடகரையில். வராக நதி ஊரை நடுவில் வகிர்ந்து வடகரை, தென்கரை என்று இரண்டாக்கி வைத்திருக்கிறது. யார் வீட்டுக்கு வழி கேட்டாலும் முதலில் ‘எந்தக் கரை?’ என்பார்கள். பாலசுப்பிரமணியர் கோயில் பக்கம் ஆற்றின் இரு கரையிலும் நிற்கும் மருத மரங்களில் ஒன்று ஆண் மருதம், எதிரே இருப்பது பெண் மருதம் என்பது ஊர் நம்பிக்கை. 1886-லேயே நகராட்சி ஆன ஊர் இது. லாஸ் காட் ரோடு 1914-ல் முடியும்வரை கொடைக்கானல் போகிற வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் வந்துதான் மலை ஏறினார்கள். மதுரை கலெக்டர் வெர் லெவிஞ்ச் 1863-ல் அங்கே ஏரி அமைத்த காலத்தில் கும்பக்கரைப் பக்கத்துக் குதிரைப் பாதைதான் வழி. அன்றைக்கு அதிகாரிகள் மலை ஏறும் ஊர். இன்றைக்கு அதிகாரி ஆக நினைக்கிற பிள்ளைகள் காத்திருக்கும் ஊர்களில் ஒன்று.

அப்படிக் காத்திருக்கிறவர்களில் அக்கா மகளும் ஒருத்தி. ஊரிலேயே கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டாள். படித்து முடித்த வருஷத்திலிருந்து டி.என்.பி.எஸ்.சி.தான் வேலை. அவள் அறையில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளிப் புத்தகங்கள் அட்டை போட்டு அடுக்கியிருக்கின்றன. அவள் ஆறாம் வகுப்பு படித்தபோது வைத்திருந்த புத்தகங்கள் அல்ல. பாடத்திட்டம் மாறிய பிறகு புதிதாக வாங்கியவை. பட்டம் முடித்த பெண் ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் பச்சை மையால் கோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் முதலில் வேடிக்கையாக இருக்கும். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் வேடிக்கை போய்விடும்.

எனக்கு விடைத்தாள் நிரப்பும் விதத்தைக் காட்டினாள். கறுப்பு மை பந்துமுனைப் பேனா மட்டும். ஏ, பி, சி, டி என்ற நான்கு வட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஈ’ என்று ஐந்தாவதாக ஒரு வட்டம். விடை தெரியாவிட்டால் அதைக் கறுப்பாக்க வேண்டும். எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிட முடியாது. கடைசியில் எத்தனை ஏ, எத்தனை பி, எத்தனை ஈ என்று எண்ணி எழுத வேண்டும். முறைகேட்டுப் புகார்களுக்குப் பிறகு 2020-ல் வந்த ஏற்பாடு.

“தெரியலைங்கிறதைக்கூட வட்டத்துக்கு வெளிய போகாம அழகா நிரப்பணும் மாமா” என்றாள்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஹம் நகரத்து நண்பர் பேச்சு வந்தது. ஜெர்மனியில், நார்த் ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் உள்ள ஊர் ஹம். 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலால் ஐரோப்பியத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த ஊர். நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் போனவர். அவருடைய மகள் அங்கேயே பிறந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு வருமான வரித் துறைக்கு விண்ணப்பித்து எடுபட்டுவிட்டாள். ஹம்மிலிருந்து அதிக தூரமில்லாத நோர்ட்கிர்ஷனில் மாநிலத்தின் நிதித்துறை உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. அது இயங்குவது 18-ஆம் நூற்றாண்டு அரண்மனை ஒன்றில்; சுற்றிலும் அகழி. மூன்று வருஷப் பட்டப் படிப்பில் 21 மாதம் அந்த அரண்மனையில் வரிச் சட்டமும் கணக்கியலும். மீதி 15 மாதம் ஏதாவது ஒரு வரி அலுவலகத்தில் கோப்போடு கோப்பாக வேலை. சேர்ந்த நாளிலிருந்தே அவள் தற்காலிக நியமனம் பெற்ற அரசு ஊழியர். மாதம் சுமார் 1,500 யூரோ கைக்கு வருகிறது.

நண்பர் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பிள்ளை படிக்கப் போறதுக்கே காசு குடுக்கினம் பாரும். நான் இஞ்ச வந்த காலத்தில கோப்பை கழுவிக் கழுவித்தான் மொழி படிச்சனான்.”

வரித்துறை மட்டும் இல்லை. மத்திய அரசுக்கு ப்ரூல் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு பொது நிர்வாகத்துக்கென்றே ஓர் உயர்கல்வி நிறுவனம் உண்டு. சுங்கத்துறை, ஓய்வூதியம், உள்நாட்டு நிர்வாகம் எல்லாவற்றுக்கும் இதே முறை: முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்பது, அப்புறம் சம்பளம் கொடுத்துப் படிக்க வைப்பது. படித்து முடித்துவிட்டுத் தனியார் கம்பெனிக்குத் தாவுகிறவரிடம், குறைந்தது ஐந்து வருஷம் வேலை பார்க்காவிட்டால், கொடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள்.

மச்சான் மாங்காய்க் குத்தகைக்காரர். தை, மாசியில் தோப்பு பூ எடுக்கும்போதே மரத்தை அண்ணாந்து பார்த்து மொத்தத்துக்கும் விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு பூ கருகினாலும், தத்துப்பூச்சி விழுந்தாலும், கோடைக் காற்றில் காய் கொட்டினாலும் அவர் பாடு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“அவய்ங்க பூவுலயே குத்தகை பேசுறாய்ங்க மாப்ள. நம்மாளு தோப்புப் பக்கமே வரமாட்டாரு. பழுத்துக் கூடையில அடுக்கினதுக்கப்பறம் வந்து, இருபது லட்சம் பழத்துல ஏழாயிரத்தைப் பொறுக்கிக்கிட்டுப் போயிருவாரு. உரம் வச்சது, தண்ணி பாய்ச்சினது, காவலுக்கு இருந்தது எல்லாம் என் செலவு.”

கணக்கு அவர் வாய்க்கு வந்ததில்லை. 2022 குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடம் என்று அறிவிப்பு. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். தினத்தாளில் படித்ததை மனிதர் மனசில் வைத்திருக்கிறார்.

மறுநாள் அவளோடு நூலகத்துக்குப் போனேன். கதவு திறக்கும் முன்பே வாசலில் செருப்பு சேர்ந்துவிட்டது. நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களுக்கு முன் வரிசை மேஜை. மின்விசிறிக்குக் கீழே இருக்கிற பின் வரிசை முழுக்கப் போட்டித் தேர்வுக்காரர்கள். இயந்திரவியல் படித்த பையன் ஒருவன், எம்.ஏ. தமிழ் முடித்த பெண், பி.எட். வைத்திருக்கிற இன்னொருவர். குரூப் 4-க்குக் கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு. இவர்கள் எல்லோரும் அதைத்தான் எழுதப் போகிறார்கள். இயந்திரவியல் பையன் சாயங்காலம் கமிஷன் கடையில் மாம்பழம் தரம் பிரிக்கப் போகிறான். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. மாம்பழ சீசன் முடிந்தால் வேறு ஏதாவது பார்ப்பதாகச் சொன்னான். வயது வரம்பு இருக்கிறதே என்று கேட்டேன். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு, பத்தாம் வகுப்புக்கு மேலே படிப்பு இருந்தால், பெரும்பாலான பதவிகளுக்கு வரம்பே கிடையாதாம். அது சலுகைதான். ஆனால் காத்திருப்பு எப்போது முடியும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை என்ற அர்த்தமும் அதற்குள் இருக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கிறது. யூ.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஒரு ஏற்பாட்டை 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுப்பது. முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். பின் வரிசையில் ஒருவர் அதற்கு எழுதிப் பார்த்தவர். கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஏழாயிரத்து ஐந்நூறைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் பொறாமை இல்லை. “சென்னையில ரூம் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் சரியாப் போயிரும் சார், ஆனா வீட்ல கேக்க வேணாம்ல” என்றார். வீட்டில் கேட்க வேண்டாம் என்பதுதான் இந்த விஷயத்தில் பாதி. தேர்வில் தோற்றால் அந்த உதவித்தொகையும் நின்றுபோகும், பட்டமும் புதிதாக எதுவும் கையில் இருக்காது என்பது மீதி.

பெரியகுளம் வருவாய்க் கோட்டத் தலைமையிடம். இங்கே சப் கலெக்டராக வருகிறவர்கள் பெரும்பாலும் பயிற்சி முடித்துவிட்டு வந்திறங்கும் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், சிலருக்கு அக்கா மகள் வயதுதான் இருக்கும். இவர்கள் படிக்கும் விதத்தைப் பாருங்கள். தேர்வில் எடுபட்டதும் முசௌரி அகாடமி. 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளம். கொஞ்ச காலம் வகுப்பு, ஒரு வருஷம் ஏதாவது ஒரு மாவட்டத்தில் நேரடிப் பயிற்சி, மறுபடி வகுப்பு. முடிவில் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பொது மேலாண்மையில் எம்.ஏ. பட்டம் கொடுக்கிறது. ஹம் நண்பரின் மகள் படிக்கும் அதே முறைதான்: சம்பளம், வகுப்பு, களம், பட்டம் எல்லாம் ஒன்றாக. நம் நாட்டுக்கு இது தெரியாத வித்தை இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் அதைச் செய்கிறது. ஏற்கெனவே வீட்டுக் காசில் ஒரு பட்டம் வாங்கி, வீட்டுக் காசில் இரண்டு மூன்று வருஷம் பயிற்சி எடுத்து, தேறிய பிறகு.

கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. குரூப் 4-ல் தேறி இளநிலை உதவியாளர் ஆகிறவர் நேரே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துத்தான் கோப்பு எழுதப் பழக வேண்டும். பிறகு எப்போதாவது முறை வரும்போது பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் சில வாரம். அரசு அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவரைப் பார்த்து ‘பவானிசாகர் போயாச்சா?’ என்று கேட்பது குசலம் விசாரிப்பது போலத்தான். அந்தப் பயிற்சி முடியாமல் தகுதிகாண் பருவத்தைக் கடக்க வழியில்லை. அங்கே மூன்று வருஷம் வரிச் சட்டம் படித்தவர் வரி நோட்டீஸ் அனுப்புகிறார். இங்கே கணிதம் படித்தவரும் தாவரவியல் படித்தவரும் பட்டா மாறுதல் மனுவை முதன்முதலாகக் கையில் வாங்கும்போதுதான் பட்டா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். மனு கொண்டு வந்த சம்சாரி பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரியகுளத்தில் வகுப்பையும் களத்தையும் சேர்த்துக் கட்டிய படிப்பு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி, 1990-ல் தொடங்கியது. அதற்கு முன்பே ஆராய்ச்சி நிலையமாக இருந்த இடம். 1989-ல் இங்கிருந்து வெளியான பி.கே.எம்.1 செடிமுருங்கை உலகமெல்லாம் போய்விட்டது. பி.கே.எம். என்ற மூன்றெழுத்தும் பெரியகுளம்தான் என்பது ஆப்பிரிக்காவில் அதை விதைக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெற வேண்டும். சீருடையோடு நான்கைந்து பெண்கள் ஒரு கொய்யாத் தோப்பில் கவாத்து செய்து காட்டிக்கொண்டிருந்ததை வழியில் நின்று பார்த்தேன். தோப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு கிளையைக் காட்டி அதை விட்டுவிடும்படி சொன்னார். ஏன் என்று கேட்டு ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு தோட்டக்கலை அலுவலருக்கு வேண்டிய படிப்பு இதைவிட என்ன இருக்கிறது? ஆனால் பட்டம் வாங்கிய மறுநாள் அந்தப் பெண்ணும் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புக்காகக் காத்திருப்போர் வரிசைக்குத்தான் போக வேண்டும். படிப்பையும் பதவியையும் கோக்கும் நூல் அங்கே அறுந்துவிடுகிறது.

மத்தியானம் ஜெயமங்கலம் வழியாக வைகை அணைக்குப் போனோம். 1959-ல் திறந்த அணை, 71 அடிக்கு நீர் தேக்குவது எல்லோருக்கும் தெரியும். அங்கே தமிழ்நாடு வனவியல் பயிற்சிக் கல்லூரி இருப்பது பூங்காவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வனக்காப்பாளர், வனவர் வேலைக்கு எடுபட்டவர்கள் சம்பளத்தோடு வந்து படிக்கிற இடம். காட்டு மரங்களை அடையாளம் காண்பது, அளவை, வனச்சட்டம், துப்பாக்கி, நடை. 2024 குரூப் 4 அறிவிப்பிலிருந்து வனக்காப்பாளர் பதவியும் அதில் சேர்ந்துகொண்டது. அக்கா மகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். காக்கி உடுப்பில் இரண்டு பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“இவங்களுக்கும் மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும்ல மாமா?” என்றாள்.

வரும். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிற தூரத்தில், படிக்கிறவருக்குச் சம்பளம் தரும் அரசுக் கல்லூரி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. உள்ளே போகிற வழிதான் அந்த இருபது லட்சம் பேரோடு போகிற வழி.

தேர்ந்தெடுத்துவிட்டுப் படிக்க வைப்பது தமிழ்நாட்டுக்கும் பழைய சங்கதி. சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்று ஒன்று இருக்கிறதே, எந்தக் கல்லூரியால் அந்தப் பெயர்? 1812-ல் எல்லிஸ் துரை முன்னின்று தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியால். பள்ளிக் கல்வி இயக்ககம் இருக்கும் வளாகத்தில்தான் அது நடந்தது. கப்பலில் வந்து இறங்கிய இளம் கம்பெனி சிவிலியன்கள் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு தமிழும் தெலுங்கும் சட்டமும் படித்தார்கள். மொழித் தேர்வில் தேறத் தேறச் சம்பளம் ஏறும். நம்மூர்ப் புலவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். படித்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள், வேலை கம்பெனிக் கஜானாவுக்கு. இருந்தாலும் ஜில்லாவுக்குப் போகிற ஆளுக்கு ஜில்லாவின் பாஷை தெரிய வேண்டும், அதைக் கற்கிற காலத்துக்கு அரசு கூலி கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் நம்மிடம் அப்படி ஒன்று, அசல் அதே வடிவத்தில், இருந்தது. பீகாரில் ஜமால்பூர். 1862-ல் தொடங்கிய ரயில்வே பணிமனை ஊர். 1927 முதல் அங்கே ‘ஸ்பெஷல் கிளாஸ் அப்ரண்டிஸ்’ என்று பயிற்சி நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, 17-லிருந்து 21 வயதுக்குள்ளான பிள்ளைகளை யூ.பி.எஸ்.சி.யே தேர்வு வைத்து எடுக்கும். நான்கு வருஷம், பணிமனையில் லேத்தும் கொதிகலனும், வகுப்பில் இயந்திரப் பொறியியல். மாதாமாதம் உதவித்தொகை. முடித்தால் நேராக இந்திய ரயில்வேயின் இயந்திரவியல் பொறியாளர் பணி. பின்னாட்களில் மெஸ்ரா பி.ஐ.டி. பட்டமும் கொடுத்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பொது மேலாளராக இருந்து ‘ட்ரெயின் 18’-ஐ, இன்றைய வந்தே பாரத்தின் முதல் வண்டியை, உருவாக்கிய சுதான்சு மணி அப்படி ஜமால்பூரில் சேர்ந்து வளர்ந்தவர்தான். எடுத்தது வருஷத்துக்குச் சில பத்துப் பேரைத்தான். 2015 தேர்வோடு அதை மூடிவிட்டார்கள். பத்திரிகையில் சின்னச் செய்தியாக வந்தது. ரயிலே வராத பெரியகுளத்தில் அதைப் பற்றி யாரும் பேசியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தனியார் கம்பெனிகளோ இந்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டன. ஹெச்.சி.எல். நிறுவனத்தின் ‘டெக்பீ’ திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரை எடுத்து, பயிற்சியில் உதவித்தொகை கொடுத்து, வேலையில் வைத்துக்கொண்டே பிலானி பிட்ஸிலோ சாஸ்த்ராவிலோ பட்டம் படிக்க விடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் அதில் சேர்க்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவும் 2020-ல், தொழில் பழகுதலைப் பட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று கல்லூரிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. கம்பெனிக்குக் குமாஸ்தா வேண்டுமானால் பூவில் பேசுகிறது. தாலுகா ஆபீஸுக்கு வேண்டுமானால் மட்டும் ஏன் பழுக்கிறவரை காத்திருக்க வேண்டும்?

இதை எல்லாம் கம்பம் போகிற பஸ்ஸில் வைத்து மச்சானிடமும் அக்கா மகளிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். கூடலூரில் அவருக்குச் சொந்தக்காரர் வீட்டில் விசேஷம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கு நீள நீள, முதல்போகத்துக்கு நாற்றங்கால் போட்டிருந்த வயல்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கும் ஜூன் முதல் தேதி பெரியாற்றுத் தண்ணீர் திறப்பது வழக்கம். கம்பம் தாண்டினால் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியவை. விசேஷம் முடிந்து கொஞ்ச நேரம் இருந்ததால் லோயர் கேம்ப் வரைக்கும் போனோம்.

பென்னிகுவிக் மணிமண்டபம் 2013-ல் திறந்தது. இந்தப் பக்கம் அவர் படம் இல்லாத டீக்கடை குறைவு. பிறந்த நாளான ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அணை 1895-ல் முடிந்தது. அடுத்த வருஷம் அவர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த ராயல் இந்திய பொறியியல் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். 1899 வரை இருந்தார். அந்தக் கல்லூரியின் வேலையே இந்தியப் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரிப்பதுதான். ஆனால் படிப்புச் செலவு பெற்றோர் தலையில், வருஷத்துக்கு 150 பவுன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே போக முடிந்தது. 1906-ல் மூடிவிட்டார்கள். அரசுப் பதவிக்கென்றே ஒரு படிப்பு என்பதில் தன்னளவில் நியாயம் எதுவும் இல்லை என்பதற்கு கூப்பர்ஸ் ஹில் சாட்சி. செலவை யார் ஏற்கிறார் என்பதை வைத்துத்தான் அது யாருக்கான கதவு என்று தெரியும்.

பதினேழு வயதில் எடுக்கிற முறையிலும் இதே ஆபத்து உண்டு என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஜமால்பூர் தேர்வின் இயற்பியல் தாளை எழுத நல்ல பள்ளிக்கூடம் வேண்டும். பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு அது கைவந்த தேர்வு. மூன்று வருஷம் தாமதமாகத் தொடங்கி ஓடிப் பிடிக்கிற கிராமத்துப் பிள்ளைக்கு இன்றைய முறையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதையும் எடுத்துவிடக் கூடாது. ஆனால் பத்தாம் வகுப்புத் தகுதி என்று எழுதிவிட்டு, பட்டதாரிகள் வந்து நிரப்பிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதவிகளில் ஒரு பங்கையாவது பன்னிரண்டாம் வகுப்பிலேயே எடுக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கின் கல்லூரிகளிலேயே வருவாய் நிர்வாகம், கருவூலக் கணக்கு, உள்ளாட்சி என்று மூன்று வருஷம் படிக்கவைத்து, பாதி நாள் தாலுகா ஆபீஸில் உட்காரவைத்து, கொஞ்சம் காசும் கொடுக்கலாம். பங்கை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் பெருநகரத்துக்காரர்கள் வந்து அள்ளிக்கொள்ள முடியாது. பெரியகுளத்தில் 1971-லிருந்து மகளிர் கல்லூரி இருக்கிறது, வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது, நடுவில் வராக நதிப் பாலம் இருக்கிறது. புதிதாகக் கட்ட வேண்டியது எதுவுமில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

“பதினேழு வயசுல என்னைக் கேட்டிருந்தா, நான் விஸ்காம் படிக்கப் போறேன்னு சொல்லியிருப்பேன் மாமா. தாலுகா ஆபீஸ்னா அப்ப எனக்குச் சிரிப்புத்தான் வரும்.”

“இப்ப மட்டும் விஸ்காமா படிச்சுட்ட?” என்றார் மச்சான்.

“நீங்க விட்டாத்தானப்பா.”

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஜெர்மனில நம்ம புள்ளைகள எடுப்பாய்ங்களா மாப்ள?” என்று கேட்டார். மாட்டார்கள். அரசு ஊழியர் நியமனத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமையோ ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையோ வேண்டும். நண்பரின் மகள் அங்கே பிறந்து வளர்ந்து குடியுரிமை வாங்கியவள். சொன்னேன்.

“அப்ப நமக்கு இதேன்” என்றார்.

தேனியில் பஸ் நின்றபோது அவள் செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. ஹால் டிக்கெட் வந்துவிட்டதாம். மூவரும் இறங்கி, பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்தோம். கடைக்காரரிடம் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் அதற்காகவே நின்றார்கள். மையம் சின்னமனூரில். காலை ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் என்று கீழே அச்சடித்திருந்தது. மச்சான் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு டைம் கீப்பர் அறைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்திலிருந்து முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.